குடிபெயர்வோரும் கூகிள் கணக்கும்

வேலையை நாடித் தமிழ்நாட்டை விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு வீடு மாறுவது பழகிப்போன காரியம். பால்காரர் பாக்கி, எரிவாயு இணைப்பு மாற்றம், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றையும் விரல் மடக்கி எண்ணிய பிறகே இல்லத்தரசி கதவைப் பூட்டுவாள். ரயில்வே குடியிருப்பாயின் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, உடைந்த கண்ணாடி எத்தனை என்று சரிபார்த்துச் சாவியை ஒப்படைத்து, பாக்கி ஏதுமில்லை என்று கையொப்பம் பெற்றால்தான் மாற்றல் முழுமையாகும். இத்துணைக் கவனம் உடைய நம்மவர், பக்கத்து வீட்டுக் கணிப்பொறியிலும், தெருமுனை இணைய மையத்திலும், தம்பிக்குக் கொடுத்த பழைய கைப்பேசியிலும் தம் பெயரால் திறந்து வைத்த கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள்.

நாம் கணிப்பொறிக் கல்வி கற்றவரல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு புத்தகப் பையை மூட்டை கட்டிவிட்டு ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்தவர்களே. ஆயினும், “என் பெயரை இதிலிருந்து எடுத்துக் கொடுங்கள், சார்” என்று கைப்பேசியை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் குடியிருப்பில் குறைவில்லை. அவர்களுக்குச் செய்து கொடுத்துக் கைப்பழக்கத்தில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம். பெரும்பாலான வீடுகளில் உள்ளவை கூகிள் கணக்கும் குரோம் உலாவியுமே ஆதலால் அவற்றையே எடுத்துக்கொள்வோம். எட்ஜ், ஃபயர்பாக்ஸ் முதலிய பிற உலாவிகளிலும் சொற்கள்தாம் மாறுமேயன்றி முறை ஏறக்குறைய இதுவே.

முதலில், விட்டு வந்த கணக்கினால் என்ன நேரும் என்று பார்ப்போம். குரோமில் ஒருவர் தம் கணக்கோடு நுழைந்து ஒத்திசைவுக்கும் சம்மதித்துவிட்டால், அவர் குறித்து வைத்த பக்கங்கள், பார்த்து வந்த தளங்கள், சேமித்து வைத்த கடவுச்சொற்கள், வீட்டு முகவரி ஆகிய யாவும் அந்தக் கருவிக்கு வந்து சேரும். வருங்கால வைப்பு நிதியின் கடவுச்சொல் அதில் இருக்கும். ரயில் முன்பதிவுக் கடவுச்சொல் இருக்கும். மகளின் தேர்வு விண்ணப்ப எண்ணும் இருக்கக்கூடும். அந்த யந்திரத்தின் முன் அடுத்து வந்து அமர்கிறவர் கெட்ட எண்ணம் உடையவராய் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆவல் உடையவராய் இருந்தாலே போதும்.

இந்த விஷயத்தில் நம்மவரைக் குழப்புவது சொற்களே. வெளியேறுதல், நீக்குதல், அழித்தல் என்னும் மூன்றையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். ஒன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே செல்வது. ஒன்று சாமான்களுடன் காலி செய்வது. மற்றொன்று வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்குவது. ஜிமெயில் பக்கத்தில் ‘சைன் அவுட்’ என்பதைத் தொடுவது பூட்டிச் செல்வது போன்றது. குரோம் உங்கள் கணக்கோடு இணைந்திருக்குமானால், கடிதப் பெட்டி மூடப்பட்ட பின்பும் சேமித்த கடவுச்சொற்களும் குறிப்புகளும் அந்தக் கணிப்பொறியிலேயே தங்கியிருக்கும். காலி செய்வதுதான் நாம் செய்ய வேண்டுவது. இடிப்பது என்பது கூகிள் கணக்கையே அழித்துவிடுவது. அதன்பின் கடிதங்களும் நிழற்படங்களும் எங்கும் இரா. பழைய கைப்பேசியை விற்கப் போகிறேன் என்று கணக்கையே அழிக்கப் புறப்பட்ட ஒரு பெரியவரை நாம் கண்டிருக்கிறோம். நல்லவேளையாக, கடவுச்சொல் நினைவில்லாமையால் அவருடைய பேரக்குழந்தைகளின் படங்கள் பிழைத்தன!

முன்னாளில் ஜிமெயிலுக்குள் நுழைவது வேறு, குரோமுக்குள் நுழைவது வேறு என்றிருந்தது. 2008இல் வெளிவந்த குரோம் உலாவியின் 69ஆம் பதிப்பு 2018 செப்டம்பரில் வந்தபோது அவ்விரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்துவிட்டார்கள். கணிப்பொறியில் கடிதம் பார்க்க நுழைந்தாலே உலாவியும் அந்தப் பெயரைத் தன்மேல் சூட்டிக்கொள்ளும்படி ஆயிற்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாத்யூ கிரீன் முதலானோர் இதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அடுத்த மாதமே வந்த 70ஆம் பதிப்பில், வேண்டாதவர்கள் அப்பிணைப்பை நிறுத்திக்கொள்ள ஒரு விசை வைக்கப்பட்டது. அமைப்புகளுக்குள் சென்று தேடினால் அது இன்றும் கிடைக்கும். தேடுகிறவர்தாம் அரிது. பிறர் கணிப்பொறியில் ஒரு கடிதம் பார்த்த குற்றத்திற்கு நம் பெயர் அங்கே குடியேறிவிடுவதன் காரணம் இதுவே.

இனிக் கணிப்பொறியில் காலி செய்யும் முறை. திரையில் ஆங்கிலம் காணும் வீடுகளே மிகுதியாதலால் அச்சொற்களையே தமிழ் எழுத்தில் தருகிறோம். குரோமின் வலப்புற மேல் மூலையில் வட்டமாக உங்கள் படமோ, பெயரின் முதலெழுத்தோ இருக்கும். அதைத் தொட்டால் விரியும் சிறு பலகையில் ‘சைன் அவுட் ஆஃப் குரோம்’ என்று காணலாம். பழைய பதிப்புகளில் ஒத்திசைவை நிறுத்தும் ‘டர்ன் ஆஃப்’ என்ற சொல் இருக்கும். இதை முதலில் செய்க. பிறகு அதே வட்டத்தைத் தொட்டு, சுயவிவரங்களை நிர்வகிக்கும் பக்கத்திற்குச் சென்றால், அந்தக் கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை இருப்பது தெரியும். உங்கள் பெயருள்ள அட்டையின் ஓரத்து மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘டெலீட்’ கொடுத்தால் அக்கணிப்பொறியில் உள்ள உங்கள் பிரதி முழுவதும் போய்விடும். கூகிளிடம் உள்ள மூலத்திற்குச் சேதமில்லை.

இங்கே ஒரு தடை உண்டு. வீட்டுக்காரருடைய அட்டையிலேயே நீங்களும் நுழைந்து வேலை பார்த்திருந்தால் அந்த அட்டையை நீக்கலாகாது. உங்கள் பொருளோடு அவர் பொருளும் போய்விடும். அப்போது உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, கூகிளின் நுழைவுப் பக்கத்தில் பெயர்கள் வரிசையாய் நிற்கும் இடத்தில் ‘ரிமூவ் அன் அக்கவுண்ட்’ என்பதைத் தொட்டு உங்கள் பெயரை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் கடவுச்சொல் ஏதேனும் அவருடைய சேமிப்பில் பதிந்திருந்தால் அதை அவரிடமே சொல்லி எடுக்கச் செய்யலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேலே ‘முதலில்’ என்று சொன்னோமே, அந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கல்யாணில் உறவினர் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், 2023இல் ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். விடுதி நண்பரின் கணிப்பொறியில் சில மாதம் குரோமைத் தம் கணக்கோடு வைத்துக்கொண்டிருந்தார். விடுதிக்குப் போவது நின்ற அன்று, யாவற்றையும் துடைத்துவிட்டு வருவதே நாணயம் என்று கருதி, பார்த்த தளங்களையும் கடவுச்சொற்களையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாய் அழித்துவிட்டார். அழித்தபோது ஒத்திசைவு நிறுத்தப்படவில்லை. கணிப்பொறி, ‘ஐயா அழிக்கச் சொல்லிவிட்டார்’ என்று கூகிளுக்குத் தெரிவித்தது. கூகிள் அவருடைய கைப்பேசிக்கும் தெரிவித்தது. அன்றிரவு தேர்வு நுழைவுச் சீட்டை எடுக்க அமர்ந்தபோது கைப்பேசியில் ஒரு கடவுச்சொல்லும் இல்லை.

மறுநாள் காலை தேர்வு. புதிய கடவுச்சொல் கேட்டால், அதற்குரிய ஓ.டி.பி. விண்ணப்பத்தில் கொடுத்த ஊர் எண்ணுக்குச் சென்றது. அந்தக் கைப்பேசி தந்தையாரிடம். இரவு பதினொரு மணிக்கு எழுப்பி, “அப்பா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க” என்று மகன் கேட்க, அவரோ அசையவில்லை. எவர் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக்கூடாது என்று அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தவர் அதே மகன்! “ஏலே, நீ என் மவன்தானா? அப்போ நம்ம வீட்டுக் கறவை மாட்டுப் பேரைச் சொல்லு, பாப்பம்” என்று கேட்டிருக்கிறார். மாட்டின் பெயரையும், போன ஈற்றில் அது போட்ட கன்றின் நிறத்தையும் சொன்ன பிறகே எண் வந்தது. அதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டதால் இரண்டாம் முறையும் பெற வேண்டியதாயிற்று. நுழைவுச் சீட்டு நள்ளிரவில் கிடைத்தது. பையனும் தேர்வு எழுதினார். தந்தையாரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆகையால் கணக்கைப் பிரித்த பிறகு அழிப்பதே சரி; பிரிக்காமல் அழித்தால் அது எல்லாக் கருவிகளுக்கும் பரவும்.

இணைய மையங்களில் இந்தத் தொல்லை முழுவதையும் தவிர்க்க வழி இருக்கிறது. குரோமில் அதே வட்டப் படத்தின் பலகையில் ‘கெஸ்ட்’ என்று ஒன்று உண்டு; விருந்தாளியாய் நுழைவது. அந்தச் சாளரத்தை மூடியவுடன் நீங்கள் பார்த்தவற்றின் சுவடு அந்த உலாவியில் நிற்காது. ஆனால் பதிவிறக்கிய கோப்புகள் நிற்கும். அச்செடுப்பதற்காக இறக்கிய ஆதார் கோப்பு, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை ‘டவுன்லோட்ஸ்’ உறையில் கிடக்கும். அங்கிருந்து அழித்தாலும் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்துவிட்டே எழ வேண்டும். ஆதார் கோப்புக்குத்தான் பூட்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே அந்தப் பூட்டு. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த மையத்துக்காரருக்கு அவ்விரண்டும் தெரியாதா?

கைப்பேசிக்கு வருவோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோமிலிருந்து மட்டும் கணக்கை எடுப்பது ஒன்று, கைப்பேசியிலிருந்தே எடுப்பது ஒன்று. குரோமின் அமைப்புகளில் மேலே உள்ள பெயரைத் தொட்டு ‘சைன் அவுட்’ கொடுத்தால் உலாவி மட்டும் பிரியும். ஜிமெயிலும் நிழற்படங்களும் அப்படியே இருக்கும். கைப்பேசியிலிருந்தே எடுப்பதற்கு அதன் பொது அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ்’ என்ற சொல் வரும் பகுதிக்குச் சென்று, பெயரைத் தொட்டு ‘ரிமூவ் அக்கவுண்ட்’ கொடுக்க வேண்டும். அப்போது அக்கணக்கின் கடிதங்கள், தொடர்பு எண்கள் யாவும் அந்தக் கைப்பேசியிலிருந்து அகலும். ஐபோனில் குரோம் வைத்திருப்போர் அந்த உலாவியின் அமைப்புகளிலேயே வெளியேறவும், கருவியிலிருந்து கணக்கை நீக்கவும் முடியும்.

தொடர்பு எண்கள் அகலும் என்றோம். நம் குடும்பங்களில் மிக அதிகமாகத் தொல்லை தருவது இதுவே. மும்பையிலோ டெல்லியிலோ வேலையிலுள்ள மகன் ஊரில் இருக்கும் தாயாருக்குக் கைப்பேசி வாங்கித் தருகிறான். மூன்று நாள் விடுப்பில் போனவனுக்கு அவர் பெயரில் தனிக் கணக்குத் திறந்து கொடுக்க அவகாசமேது? தன் கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். ஓராண்டு கழிகிறது. அம்மா தேடிய மூட்டுவலித் தைலமும் ஆடிப்பூர நேரமும் மகனுடைய உலாவியில் வந்து நிற்கின்றன. அதிகாரியின் எதிரில் திரையைத் திறக்கவே அவனுக்குக் கூச்சம். மகன் நண்பர்களோடு எடுத்துக்கொண்ட படங்களோ அம்மாவின் கைப்பேசியில் தோன்றிப் பல கேள்விகளைக் கிளப்புகின்றன. ஒருநாள் மகன் பொறுமையிழந்து, தொலைவிலிருந்தே தன் கணக்கை அந்தக் கைப்பேசியிலிருந்து துண்டித்துவிடுகிறான். அடுத்த கணம் அம்மாவிடம் ஒருவர் எண்ணும் இல்லை. அந்த ஓராண்டில் அவர் சேர்த்த டாக்டர், பால்காரர், நாத்தனார், ரேஷன் கடைக்காரர் ஆகிய எல்லாருடைய எண்களும் மகன் கணக்கில் பதிந்திருந்தன. இரவில் நெஞ்சு வலி என்றால் அவர் யாரைக் கூப்பிடுவார்?

செய்ய வேண்டிய முறை இது. முதலில் அம்மாவின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதே கைப்பேசியில் இரண்டாவதாகச் சேர்க்க வேண்டும். ஒரு கைப்பேசியில் இரு கணக்குகள் இருப்பதற்குத் தடையில்லை. தொடர்புகள் செயலியில் எண்களை எல்லாம் ஒரு கோப்பாய் ஏற்றுமதி செய்து, அதைப் புதிய கணக்கில் இறக்குமதி செய்ய வேண்டும். மகனுடைய நண்பர்களின் எண்களும் கூடவே வரும். வேண்டாதவற்றைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பின் சேமிப்புப் பிரதி எந்தக் கணக்கில் போகிறது என்று பார்த்து அதையும் அம்மாவின் கணக்கிற்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்து, நாத்தனாரிடம் ஒருமுறை பேசச் சொல்லிப் பார்த்து, அதன் பிறகே மகன் கணக்கை எடுக்கலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது நேரில் இருந்து செய்வது உத்தமம்.

கைப்பேசியை விற்பதாயினும், தம்பிக்குக் கொடுப்பதாயினும் கணக்கை நீக்கிவிட்டுத்தான் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்தது முதல், கணக்கு இருக்கும்போதே பொத்தான்களை அழுத்திக் கைப்பேசியைத் துடைத்தால், அது முந்தைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டு நிற்கும் காவல் இருந்துவருகிறது. திருடனைத் தடுக்க ஏற்பட்ட காவல், ஊரில் உள்ள தம்பியையும் தடுக்கும்.

விட்டு வந்த இடத்திற்குத் திரும்பிப் போக இயலாதவர் என்ன செய்வது? இட்டார்சியில் விட்டதை எடுக்க ஈரோட்டிலிருந்து போக முடியுமா? தேவையில்லை. உங்கள் கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. இப்போதும் அண்மைக் காலத்திலும் உங்கள் பெயரால் திறந்திருந்த கருவிகள் அதில் வரிசையாய் நிற்கும். கருவியின் வகையும் ஏறத்தாழ இடமும் தெரியும். வேண்டாததைத் தொட்டு ‘சைன் அவுட்’ கொடுக்கலாம். முன்பின் அறியாத கருவி தென்பட்டால் கடவுச்சொல்லையும் உடனே மாற்ற வேண்டும். மாற்றினால் பெரும்பாலான கருவிகளில் கணக்கு தானே மூடிக்கொள்ளும்; நீங்கள்தாம் என்று உறுதி செய்யப் பயன்படும் கருவிகள் போன்ற சில மட்டும் விலக்கு.

ஆனால் தொலைவிலிருந்து மூடுவதும் பூட்டுவதே தவிர முழுவதும் காலி செய்வதன்று. அந்தக் கணிப்பொறியில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் கடவுச்சொற்களை அது போய் எடுத்து வரும் என்று நம்புவதற்கில்லை. வங்கி, வைப்பு நிதி ஆகிய இரண்டின் கடவுச்சொற்களையேனும் தனியே மாற்றிவிடுவது நல்லது.

இவற்றில் எதைச் செய்வதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு; அதைக் கடைசியில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். கணக்கில் மீட்புக்கென்று கொடுத்துள்ள கைப்பேசி எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா? 2015 ஜூலை 3 முதல் இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமலே வட்டம் மாறும் வசதி வந்துவிட்டது. ஆயினும் புதிய ஊரில் புதிய எண் வாங்கிக்கொண்டு பழையதை விட்டுவிடுகிறவர் நம்மில் பலர். அப்படிக் கைவிடப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். கடவுச்சொல்லும் மறந்து, எண்ணும் பிறரிடம் போய், கையிலுள்ள ஒரே கைப்பேசியிலிருந்தும் கணக்கை நீக்கிவிட்டவர் தம் கணக்கிற்குள் மீண்டும் நுழைவது பெரும்பாடு. எண்ணைச் சரிபார்த்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துவிட்டு, பிறகு நீக்கத் தொடங்குங்கள். நோட்டில் எழுதலாமா என்று இளைஞர்கள் நகைப்பார்கள். வீட்டுப் பத்திரமும் தாலிக்கொடியும் இருக்கும் பீரோவில் இதற்கும் இடமுண்டு.

எல்லாக் கருவிகளிலிருந்தும் எடுத்துவிட்ட கணக்கு ஒரு மூலையில் சும்மா இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2023இல் கூகிள் அறிவித்த விதிப்படி, இரண்டு ஆண்டுகள் தொடப்படாமல் கிடக்கும் தனியார் கணக்கை அந்நிறுவனம் அழித்துவிடலாம். 2023 டிசம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. காலஞ்சென்ற தந்தையாரின் கைப்பேசியைத் துடைத்து வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட வீடுகளில், அவருடைய குரலும் படங்களும் அந்தக் கணக்கில் மட்டுமே இருக்கக்கூடும். கணக்கு உடையவர் இருக்கும்போதே அதன் அமைப்புகளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்னுமிடத்தில் 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு தவணை குறித்து, அதற்குமேல் கணக்கு அசையாதிருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரையில் பெயர் கொடுக்க இடமிருக்கிறது. அடுத்த முறை பெரியவர்கள் ஊரிலிருந்து வந்து தங்கும்போது ஒரு பிற்பகலில் உடன் அமர்ந்து செய்துவிடலாம். காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.